விருந்தாளிக்கு எந்த மியூசியம்?

பள்ளிக்கூடங்கள் மூடிய மறுநாளே ஊரிலிருந்து போன் வந்துவிடும். "சித்தப்பா, பிள்ளைங்க பெங்களூர் பார்க்கணும்னு ஆசைப்படுறாங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி ரெயில் ஏறுறோம்."

வரட்டும். சந்தோஷம்தான். ஆனால் வந்தவர்களுக்கு நாம் கொடுக்கக்கூடியது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை நம்மில் பலருக்கு வேலை உண்டு. ஷிப்ட் முறையில் இருப்பவர்களுக்கு ஞாயிறும் நிச்சயம் இல்லை. அந்த ஒரு நாளுக்குள் லால்பாக், விதான சவுதா, கப்பன் பூங்கா எல்லாம் அடங்க வேண்டும். "அப்புறம் மியூசியம்" என்று வீட்டில் யாராவது ஒருவர் சொல்வார். எந்த மியூசியம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கஸ்தூரிபா ரோட்டில் மூன்று கட்டடங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று விசுவேசுவரய்யா பெயரில் உள்ள தொழில் மற்றும் தொழில்நுட்ப மியூசியம். 1962-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி பிரதமர் நேரு திறந்து வைத்தது. பக்கத்தில் சிவப்புக் கட்டடமாக இருப்பது அரசு மியூசியம். அதை ஒட்டி, வெங்கடப்பா கலைக்கூடம். பெங்களூரில் பல வருடங்களாகக் குடியிருக்கும் நம்மவர்களுக்கே முதல் கட்டடம்தான் தெரியும். விடுமுறை நாட்களில் அங்கே பள்ளிக்கூட பஸ்கள் வரிசையாக நிற்கும். டிக்கெட் வாங்க வெயிலில் நிற்க வேண்டும். அடுத்த வாசலில் நின்றால் மரத்திலிருந்து இலை விழுகிற சத்தம் கேட்கும்.

விருந்தாளியை நாம் அழைத்துப் போவது கூட்டம் உள்ள வாசலுக்கு. என் கருத்தில் இது தலைகீழான வேலை. விருந்தாளிக்கு உரியது கூட்டம் இல்லாத வாசல். விஞ்ஞான மியூசியம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு, இந்த ஊரிலேயே வளர்கிற பிள்ளைகளுக்கு உரியது. அவர்களையோ ஒரு தடவை, அதுவும் விருந்தாளியோடு சேர்த்து அழைத்துப் போய்விட்டு, "அதான் பார்த்தாச்சே" என்று முடித்துவிடுகிறோம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? நெம்புகோல் எல்லா ஊரிலும் நெம்புகோல்தான். காந்தம் திருச்சியிலும் ஒட்டும், பெங்களூரிலும் ஒட்டும். சென்னை கோட்டூர்புரத்தில் விஞ்ஞான மையமும் கோளரங்கமும் இருக்கின்றன. திருச்சியில் அண்ணா பெயரில் கோளரங்கம் இருக்கிறது. திருநெல்வேலியில் 1987-லிருந்து இயங்கும் மாவட்ட அறிவியல் மையம், இந்த விசுவேசுவரய்யா மியூசியத்தின் பொறுப்பில் நடப்பதுதான். திருநெல்வேலியிலிருந்து ஒரு ராத்திரி முழுக்க ரெயிலில் உட்கார்ந்து வருகிற அக்காள் பிள்ளைகளுக்கு, அவர்கள் ஊரில் இருப்பதன் மூத்த அண்ணனைக் காட்டி அனுப்புகிறோம்! இது போதாதென்று, 1960-களின் நடுவிலிருந்தே நம் நாட்டு விஞ்ஞான மியூசியங்கள் பஸ்ஸுக்குள் கண்காட்சி அமைத்துக் கிராமப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பி வருகின்றன. விஞ்ஞானம் பஸ் ஏறி வீட்டு வாசலுக்கே வரும்.

ஆதகூர் கல் வராது.

இந்தக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அரசு மியூசியத்துக்குச் சொந்தமான பொருள்களில், தமிழன் அவசியம் அறிந்திருக்க வேண்டியது இது. மண்டியா மாவட்டத்தில் உள்ள ஆதகூர் என்ற ஊர்க் கோவிலில் இருந்த வீரக்கல். ஆயிரம் வருடங்களுக்கு மேற்பட்டது. பழைய கன்னட எழுத்தில் செய்தி வெட்டியிருக்கிறது. மேல் பாகத்தில் ஒரு நாயும் ஒரு காட்டுப் பன்றியும் சண்டை போடுவதைச் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் காளி.

கதை இதுதான். கி.பி. 949-ல் தக்கோலத்தில் பெரும் யுத்தம். நம் அரக்கோணம் பக்கத்துத் தக்கோலம்தான். ஒரு பக்கம் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன். அவனுக்குத் துணையாக கங்க அரசன் பூதுகன். எதிர்ப் பக்கம் சோழர் படை. நடத்தியவன் பராந்தகனின் மகன் ராஜாதித்தன். போரில் யானை மேல் இருந்தபடியே ராஜாதித்தன் உயிர் விட்டான். 'யானை மேல் துஞ்சின தேவர்' என்று பிற்காலக் கல்வெட்டுகள் சொல்வது அவனைத்தான். வீராணம் ஏரியை வெட்டுவித்தவன் என்று தென்னாற்காட்டுப் பக்கம் இன்றைக்கும் சொல்கிறார்களே, அந்த ராஜாதித்தன்.

அந்தப் போரில் பூதுகனின் பக்கம் வீரமாகச் சண்டையிட்டவன் மணலேரன் என்பவன். "என்ன வேண்டும், கேள்" என்றான் அரசன். ஊர் கேட்கவில்லை, பொன் கேட்கவில்லை. "உங்கள் நாய் காளியைக் கொடுங்கள்" என்றான். நாயை வாங்கிக்கொண்டு போனான். பிறகு ஒரு நாள் அந்த நாயைப் பெரிய காட்டுப் பன்றி மேல் ஏவினார்கள். இரண்டும் ஒன்றை ஒன்று கொன்று செத்தன. அந்த நாய்க்காக நட்ட கல் இது. கல்லுக்குப் பூசை நடக்க நிலமும் விட்டார்கள்.

ஒரு சோழ இளவரசன் செத்த செய்தியும், ஒரு வேட்டை நாய் செத்த செய்தியும் ஒரே கல்லில்! நம் ஊர்ப் பாடப் புத்தகத்தில் தக்கோலப் போர் என்று ஒரு வரி வரும். ஆண்டை மனப்பாடம் செய்து மார்க் வாங்கியிருப்போம். வென்றவர்கள் அதை எப்படி நினைவில் வைத்தார்கள் என்பதைப் படிக்க இந்த ஊருக்குத்தான் வர வேண்டும். அரக்கோணத்திலிருந்தும் காட்பாடியிலிருந்தும் தினம் எத்தனையோ பேர் இந்த ஊருக்கு ரெயிலில் வருகிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு கல் இருப்பது தெரியும்?

இன்னொரு விஷயம். நம் பிள்ளைகளில் பலர் கன்னடப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள், அல்லது இரண்டாம் பாடமாகக் கன்னடம் எடுத்திருக்கிறார்கள். ஊரிலிருந்து வந்த மாமா முன்னால் அந்தப் பிள்ளை பெயர்ப் பலகையைக் கன்னடத்தில் படித்துத் தமிழில் சொல்லட்டும். "என்னடா, நம்ம பிள்ளைக்குத் தமிழ் சரியா வரலையே" என்று குறை சொல்லிக்கொண்டிருந்த மாமா அன்றைக்கு வாயை மூடிக்கொள்வார். கல்லில் உள்ள பழைய எழுத்து பிள்ளைக்கும் புரியாதுதான். அதனால் ஒன்றும் மோசமில்லை.

வெங்கடப்பா கலைக்கூடத்தையும் சொல்லிவிடுகிறேன். வெங்கடப்பா 1886-ல் பிறந்து 1965-ல் காலமான மைசூர் ஓவியர். கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்றவர். அவர் நீர் வண்ணத்தில் தீட்டிய இயற்கைக் காட்சிகளில் புகழ் பெற்றவை எந்த ஊர்க் காட்சிகள் தெரியுமா? ஊட்டியும் கொடைக்கானலும்! மூடுபனியும் ஏரியும் நிலவுமாக நம் மலைகளை ஒரு கன்னடக்காரர் அவ்வளவு அக்கறையாகப் பார்த்துத் தீட்டியிருக்கிறார். கோயமுத்தூர்ப் பக்கத்து விருந்தாளி என்றால், வேறு எதையும் காட்டாவிட்டாலும் இதைக் காட்டலாம். "ஏங்க, இது நம்ம ஊட்டியா?" என்று கேட்பார்கள்.

"பார்த்து என்ன லாபம்?" என்று கேட்பவர்கள் உண்டு. விஞ்ஞான மியூசியம் போனால் பிள்ளைக்குப் படிப்பு வரும், கலை என்பது வசதி படைத்தவர்கள் பொழுதுபோக்கு என்று ஓர் எண்ணம் நம் மத்தியில் வேரூன்றியிருக்கிறது. நமக்கும் கலைக்கூடத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று நாமே கோடு போட்டுக்கொண்டு வெளியே நிற்கிறோம். அந்தக் கல்லைச் செதுக்கியவன் யார்? நாள் முழுக்க உளி பிடித்துக் கை காய்த்துப் போனவன்தானே? பீனியாவில் வார்ப்படப் பட்டறையில் வேலை செய்கிற நம்மவர் ஒருவரைச் சென்னை எழும்பூர் மியூசியத்தில் சோழர் காலத்து செப்புத் திருமேனிகளின் முன்னால் நிறுத்திப் பாருங்கள். மெழுகில் உருவம் செய்து, மேலே களிமண் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண் கூட்டை உடைப்பார்கள். கூடு உடைந்த பிறகு அதே அச்சில் இன்னொன்று வார்க்க முடியாது. ஒரு தடவை ஊற்றுவது பிசகினால் எல்லா உழைப்பும் வீண். நடராஜரின் தூக்கிய காலும் விரிந்த சடையும் திருவாசியும், உள்ளே காற்று அடைபடாமல் எப்படி வந்தன என்று யோசிக்கத் தெரிந்தவர் பட்டறைக்காரர்தான். கோட்டு போட்ட ரசிகருக்கு அது தோன்றாது.

எழும்பூர் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. பழைய நாளில் சென்னைக்கு வரும் கிராமத்து ஜனங்கள் அந்த மியூசியத்தை 'செத்த காலேஜ்' என்பார்கள். மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. 1851-ல் அந்தச் சென்னை மியூசியத்தை ஏற்படுத்திய டாக்டர் பால்பர் என்ற வெள்ளைக்காரரின் யோசனைப்படிதான் 1865-ல் பெங்களூர் மியூசியமும் தொடங்கியது. ஆகவே கஸ்தூரிபா ரோட்டில் உள்ளது நம் செத்த காலேஜுக்குத் தம்பி முறை. அந்தக் கால ஜனங்கள் படிப்பறிவு இல்லாதவர்களாக இருந்தும் இரண்டு காலேஜையும் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குப் போனார்கள். நாம் உயிர் காலேஜோடு திரும்பிவிடுகிறோம்.

விஞ்ஞான மியூசியத்தைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அதை நாம் சரியாகப் பயன்படுத்தவில்லை என்பதே என் வருத்தம். பட்டனை அழுத்து, சக்கரத்தைச் சுற்று, என்ன நடக்கிறது என்று பார், ஏன் நடந்தது என்று யோசி, மறுபடியும் அழுத்து என்பதற்காக அமைத்த இடம் அது. விருந்தாளிக் கூட்டத்தோடு போகும் நாளில் என்ன நடக்கிறது? பிள்ளை பட்டனை அழுத்துகிறான். விளக்கு எரிகிறது. பின்னால் இருபது பேர். "நகரு, நகரு" என்கிறார்கள். அடுத்த பட்டனுக்கு ஓடுகிறான். ஒரு மணி நேரத்தில் ஐம்பது பட்டன். வெளியே வந்ததும், "என்னடா பார்த்தே?" என்று கேட்டால், "டைனோசர்" என்கிறான்.

அங்கே பத்துத் தடவை போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு கூடம். மழைக்காலத்தில், பள்ளிக்கூடம் திறந்த பிறகு, சாதாரண வேலை நாளில் உங்களுக்கு வார ஓய்வு விழுகிற அன்றைக்குப் போக வேண்டும். பெங்களூரில் குடியிருப்பவனுக்கு மட்டுமே இது முடியும். நாமோ ஊர்க்காரனுக்குக் கிடைத்த வசதியை விட்டுவிட்டு, விருந்தாளியைப் போல அவசரமாகப் பார்க்கிறோம்.

இன்னும் ஒரு காரணம் உண்டு. அங்கே விளக்கம் சொல்ல நம்மவர்களைவிடத் தகுந்தவர் யார்? எஞ்சின் கூடத்தில் எஞ்சினை வெட்டி உள்ளே இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். ஆட்டோ ஓட்டுகிற அப்பா, மெக்கானிக் ஷாப்பில் இருக்கிற மாமா, எச்.ஏ.எல்.லில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற தாத்தா ஆகியோர் வாய் திறக்க வேண்டிய இடம் அது. பிஸ்டன் இறங்கும்போது பெட்ரோலும் காற்றும் உள்ளே இழுக்கப்படுவது, ஏறும்போது நசுக்கப்படுவது, பொறி பட்டு வெடிப்பது, புகை வெளியேறுவது என்று நாலு அடியையும் கை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வாத்தியார் கரும்பலகையில் வரைந்தது பிள்ளைக்கு அன்றைக்குத்தான் புரியும். தன் அப்பாவுக்கு இவ்வளவு தெரியும் என்பதும் அன்றைக்குத்தான் தெரியும்.

மின்சாரக் கூடத்துக்குப் போனால் தங்கவயல் குடும்பங்களுக்குச் சொல்ல ஒரு கதையே இருக்கிறது. 1902-ல் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியில் மின்சாரம் எடுத்து, கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து, முதலில் கொண்டு போனது பெங்களூருக்கு அல்ல, கோலார் தங்கச் சுரங்கத்துக்கு. பெங்களூர்த் தெருவில் மின் விளக்கு எரிந்தது 1905-ல்தான். வட ஆற்காட்டிலிருந்து போய் அந்தச் சுரங்கத்தில் இறங்கிய நம் பாட்டன்மார்கள், பெங்களூர்க்காரர்களுக்கு முன்னால் மின்சாரத்தைப் பார்த்தவர்கள். சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. பேரப்பிள்ளைகள் தினம் ரெயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிறார்கள். இதைச் சொல்ல அரை மணி நேரமாவது வேண்டாமா? விருந்தாளி "லால்பாக் எப்போ?" என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது சொல்ல முடியுமா?

ஒரு விதிவிலக்கு உண்டு. விஞ்ஞான மியூசியத்திலும் அந்த ஊரிலேயே பிறந்த பொருள் ஒன்று இருந்தால் அது விருந்தாளிக்கும் உரியதுதான். இங்கே நிற்கிற 'மாருத்' போர் விமானம் அப்படிப்பட்டது. இந்த ஊர் எச்.ஏ.எல். தொழிற்சாலையில் உருவாகி 1961-ல் முதல் முறை பறந்தது. அதற்குப் பத்து நிமிடம் கொடுக்கலாம். உள்ளே ரைட் சகோதரர்களின் விமானம் போல முழு அளவில் ஒன்று செய்து வைத்திருக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது நகல்.

நாம் விருந்தாளியாகப் போகிற ஊர்களிலும் இதே கணக்குத்தான். பயணச் சலுகையில் குடும்பத்தோடு டெல்லி போகிற குமாஸ்தா நண்பர்கள் செங்கோட்டை, குதுப்மினார், பிறகு கடைத்தெரு என்று முடித்துவிடுகிறார்கள். தேசிய மியூசியத்தில் மொகஞ்சதாரோவில் கிடைத்த நடன மங்கை இருக்கிறாள். உயரம் ஒரு சாண்கூட இல்லை. பத்து சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். நாலாயிரம் வருடங்களுக்கு மேற்பட்டவள். அவளும் மெழுகு அச்சில் வார்க்கப்பட்டவள்தான். சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றைக்கும் சிலை வார்ப்பது அடிப்படையில் அந்த முறையில்தான். கல்கத்தா போனால் 1814-ல் ஏற்பட்ட இந்தியன் மியூசியம். அங்கே பார்ஹுத் ஸ்தூபியின் சிற்ப வேலிகள். கல்கத்தாவிலும் 1959-லிருந்து பிர்லா விஞ்ஞான மியூசியம் இருக்கிறது. அது கல்கத்தாப் பிள்ளைகளுக்கு இருக்கட்டும். ஐதராபாத் சாலார் ஜங் மியூசியத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை: எல்லோரும் மணி அடிக்கும் பொம்மைக் கடிகாரத்தின் முன்னால் உட்கார்ந்து பொழுதைப் போக்கிவிடுவார்கள். நீங்களும் உட்கார்ந்துவிடாதீர்கள்.

கலை மியூசியங்கள் மீதும் நமக்குக் குறை உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். கூட்டம் வராததற்கு ஜனங்கள் மட்டும் காரணம் அல்ல. நம் நாட்டு மியூசியங்கள் பலவற்றில் பெயர்ப் பலகை என்றால் 'வீரக்கல், 10-ம் நூற்றாண்டு' என்று இரண்டு வார்த்தை. அதோடு சரி. நாயின் பெயர் காளி என்று எழுதினால் பலகை தேய்ந்துவிடுமா? ஒரு வரி கதை சொன்னால் பிள்ளைகள் நிற்பார்கள். விஞ்ஞான மியூசியக்காரர்களுக்கு இந்த வித்தை தெரிந்திருக்கிறது. பக்கத்துக் கட்டடத்துக்காரர்கள் அதைக் கற்றுக்கொள்ள ரெயில் ஏற வேண்டியதில்லை, சுவரைத் தாண்டினால் போதும்.

இன்னொன்று, காவலாளிகளின் பார்வை. கையில் டிபன் கேரியரும் இடுப்பில் குழந்தையுமாக வருகிறவர்களைக் கண்டால் சில இடங்களில் முகம் மாறுகிறது. அதற்காகத் தயங்கத் தேவையில்லை. டிக்கெட் வாங்கினால் நாமும் மற்றவர்களும் ஒன்றுதான். பையை வைக்கச் சொன்னால் வைத்துவிடுங்கள். தொடாதே என்றால் தொடாதீர்கள். மற்றபடி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று பார்க்க நமக்கு உரிமை உண்டு.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கலைக்கூடத்தில் எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டு போகாதீர்கள். கால் வலிதான் மிஞ்சும். வயதான அம்மா, அத்தை கூட வந்தால் மாடிப்படி ஏறவே வேண்டாம். ஒரு கல், இரண்டு படம் போதும். அவற்றின் முன்னால் நின்று பேசுங்கள். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பழைய கட்டடங்கள் என்பதால் பழுது பார்ப்பதற்காக மூடி வைப்பதும், சில பகுதிகளை அடைத்து வைப்பதும் உண்டு. வார விடுமுறையும் மியூசியத்துக்கு மியூசியம் மாறுகிறது. ஆகவே முதல் நாளே விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள். கப்பன் பார்க் மெட்ரோவில் இறங்கினால், பூங்கா வழியாக மர நிழலிலேயே நடந்து போகலாம். 

பக்கத்து வாசலில் பட்டன் அழுத்தப் போக வேண்டும் என்று ஊர்ப் பிள்ளைகள் அடம் பிடித்தால்? பிடிப்பார்கள். நம் பிள்ளையை அனுப்பி, மாருத் விமானத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். பத்து நிமிடம்தான். லால்பாக்குக்கு நேரமாகிவிடும்.